ரூரின் தெருப் பெடியளும் ஒரு சுவாமியாரும்

மலர்க் குழுவினர் இந்த முறை பெரியவர் ஒருவரின் வாழ்க்கையைப் பற்றி ஏதாவது எழுதித் தரச் சொன்னார்கள். நான் உயர்தரத்தோடு படிப்பை விட்டவன். இரும்பு வெட்டுகிற பக்டரியில் வேலை. காந்தியைப் பற்றியும் பாரதியைப் பற்றியும் எழுத இங்கே என்னை விடப் படித்தவர்கள் இருக்கிறார்கள். அதனால் நான் ஒரு இத்தாலிச் சுவாமியாரை எடுத்துக்கொண்டேன். நான் சைவக்காரன்தான். இதைப் படித்துவிட்டு, இவன் மதம் மாறிப்போனான் எண்டு ஒருவரும் ஊரில் இருக்கிற என்ரை அம்மாவுக்குப் போன் எடுக்க வேண்டாம்!

என்னோடு ஒரே மெஷினில் பல வருடம் நின்ற இத்தாலிக்காரர் ஒருவர் இப்போது பென்சன் எடுத்துவிட்டார். தான் தொழில் பழகியது டொன் பொஸ்கோ பள்ளிக்கூடத்தில் என்று அடிக்கடி பெருமையாகச் சொல்லுவார். சாப்பாட்டு நேரத்தில் அவர் துண்டு துண்டாகச் சொன்ன கதைகளைக் கேட்டுத்தான் எனக்கு இந்த மனிதரில் ஒரு பிடிப்பு வந்தது. பிறகு நானாகத் தேடிப் படித்தேன்.

டொன் என்பது இத்தாலியில் குருமாரின் பெயருக்கு முன்னால் போடும் மரியாதைச் சொல். இவருடைய பெயர் ஜோவான்னி பொஸ்கோ. 1815 ஆம் ஆண்டு ஆவணி மாதம் 16 ஆம் திகதி, வட இத்தாலியில் பியெமொன்ரே பகுதியில் பெக்கி என்ற சின்னக் கிராமத்தில் பிறந்தார். இத்தாலி என்று ஒரு நாடே அப்போது இல்லை. அந்தப் பகுதி சார்டீனிய அரசரின் ஆட்சியில் இருந்தது. தகப்பன் ஒரு ஏழைக் கமக்காரன். பிள்ளைக்கு இரண்டு வயது நிரம்ப முன்னரே சளிக் காய்ச்சல் வந்து இறந்துபோனார். தாய் மார்கரீத்தா எழுத வாசிக்கத் தெரியாத மனுசி. மூத்த தாரத்து மகன் அந்தோனியோவையும் தன்னுடைய இரண்டு பிள்ளைகளையும் வைத்துக்கொண்டு தோட்டம் கொத்தித்தான் குடும்பத்தை நடத்தினார்.

சின்னவன் புத்தகமும் கையுமாகத் திரிவது அந்தோனியோவுக்குக் கண்ணில் காட்டக்கூடாது. தான் தோட்டத்தில் மாடாய் உழைக்க இவன் படிக்கிறதோ என்ற கோபம். (அவன் பக்கத்திலும் ஞாயம் இருக்கிறது. எங்கள் வீடுகளிலும் ஒருத்தன் உழைக்க இன்னொருத்தன் படித்த கதைகள் எத்தனை!) வீட்டில் சண்டை முற்றி, 1828 ஆம் ஆண்டு மாசி மாதம், பன்னிரண்டு வயதில், ஜோவான்னி மொலியா என்ற குடும்பத்தின் பண்ணைக்கு மாடு பார்க்கிற வேலைக்குப் போனான். ஒன்றரை வருடத்துக்கு மேல் அங்கே கூலிப் பெடியன்.

இந்தப் பெடியனிடம் ஒரு கெட்டித்தனம் இருந்தது. சந்தைகளில் வித்தை காட்டுகிறவர்களைக் கூர்ந்து பார்த்து, கயிற்றில் நடக்கவும், பந்துகளை மாறி மாறி எறிந்து பிடிக்கவும், கைகளால் நடக்கவும் பழகிக்கொண்டான். ஞாயிற்றுக்கிழமைகளில் ஊர்ச் சனத்தைக் கூட்டி இரண்டு மரத்துக்கு நடுவே கயிறு கட்டி வித்தை காட்டுவான். ரிக்கற் காசு கிடையாது. அதற்குப் பதிலாக எல்லோரும் செபமாலை சொல்லவேண்டும், அன்று காலை கோயிலில் கேட்ட பிரசங்கத்தை அவன் திரும்பச் சொல்ல இருந்து கேட்கவேண்டும். செபம் சொல்ல மாட்டேன் என்று நழுவுகிறவனுக்கு வித்தை பார்க்க இடமில்லை!

படிப்பு பிந்தித்தான் கிடைத்தது. கஸ்தெல்நுவோவோவில் படிக்கும்போது ஒரு தையல்காரர் வீட்டில் தங்கித் தையல் பழகினார். கொல்லன் பட்டறையில் சுத்தியல் பிடித்தார். கியேரி என்ற பட்டணத்தில் படிக்கும்போது ஒரு கோப்பிக் கடையில் வேலை செய்தார். தன்னை விடச் சின்னப் பிள்ளைகளோடு ஒரே வாங்கில் இருந்து லத்தீன் படித்தார். 1835 இல் குருமடத்தில் சேர்ந்து, 1841 ஆம் ஆண்டு ஆனி மாதம் 5 ஆம் திகதி ரூரின் நகரத்தில் குருவானவர் ஆனார். வயது 25. பணக்கார வீடுகளில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்துக்கொண்டு வசதியாக இருந்திருக்கலாம். அவருக்கு ஆசிரியராக இருந்த கஃபாஸ்ஸோ என்ற குருவானவர் அவரை வேறு இடத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். அது மறியற்சாலை.

ரூரின் அப்போது வேகமாக வளர்ந்துகொண்டிருந்த நகரம். எங்கு பார்த்தாலும் புதுக் கட்டடங்கள். தோரா ஆற்றங்கரையில் ஆலைகள். மலைக் கிராமங்களில் இருந்து பெடியள் கூட்டம் கூட்டமாக வேலை தேடி வந்தார்கள். மேசன்மாருக்குக் கல்லும் சாந்தும் தூக்க எட்டு, பத்து வயதுப் பிள்ளைகள். புகைபோக்கி துடைக்கச் சின்ன உடம்புக்காரப் பெடியள். போர்த்தா பலாஸ்ஸோ சந்தை வெளியில், யாராவது ஒரு முதலாளி கூப்பிடமாட்டானா என்று விடியக் காலமையில் நின்று காத்திருப்பார்கள். படுக்கை ஏதாவது ஒரு கூரையடியில். ஊரில் தகப்பன் தாய், அல்லது அவர்களும் இல்லை.

மறியலில் இருந்த பெடியள் பன்னிரண்டில் இருந்து பதினெட்டு வயது வரையானவர்கள். நல்ல உடம்பும் புத்தியும் உள்ளவர்கள். பேன் கடியோடும் பசியோடும் கிடந்தார்கள். அதைவிட அவரைத் தாக்கியது வேறொன்று. விடுதலையாகி, இனி ஒழுங்காக இருப்பேன் என்று சத்தியம் பண்ணிப் போனவன் கொஞ்ச நாளில் அதே அறைக்குத் திரும்பி வருகிறான். வெளியே அவனுக்கு ஒருவரும் இல்லை, அதுதான் காரணம் என்று பொஸ்கோ விளங்கிக்கொண்டார். வெளியில் ஒரு ஆள் நின்றிருந்தால் இவன் உள்ளே வந்திருக்கவே மாட்டான் என்பதுதான் அவருடைய கணக்கு. அவர் பிறகு செய்தது எல்லாம் இந்த ஒரு கணக்கில் இருந்து வந்ததுதான் என்பது என் அபிப்பிராயம்.

இந்த இடத்தில் எனக்கு எங்களுடைய கதையும் ஞாபகம் வரும். இருபது வயதில் தனியாக வந்து இறங்கியவர்களுக்குத் தெரியும், வேலை நாள் எப்படியும் போய்விடும். கோப்பை கழுவினால் களைப்பு, களைத்தால் நித்திரை. ஞாயிற்றுக்கிழமைதான் பொல்லாத நாள். ரயில் நிலையத்தில் போய் நிற்கிறதைத் தவிர எங்களுக்குப் போக்கிடம் இருக்கவில்லை. அப்படி நிற்கிறவர்களைக் கண்டு, காவாலியள் எண்டு சொல்லிக்கொண்டு போன எங்கடை சனமும் உண்டு.

1841 ஆம் ஆண்டு மார்கழி 8 ஆம் திகதி, மாதா திருநாள். புனித பிரான்சிஸ் அசிசியார் கோயிலில் பொஸ்கோ பூசைக்கு உடுப்பு மாற்றிக்கொண்டு நிற்கிறார். குளிருக்கு ஒதுங்கினானோ என்னவோ, ஒரு பெடியன் உள்ளே வந்து ஒரு மூலையில் நின்றான். கோயில் பணியாள் அவனைப் பூசைக்கு உதவி செய்யச் சொல்ல, அவன் தெரியாது என்றான். தெரியாதவனுக்கு இங்கே என்ன வேலை என்று சொல்லி, தூசு தட்டுகிற தடியால் பணியாள் அவனை அடித்துத் துரத்தினான். பொஸ்கோ பொறுக்கவில்லை. அவன் என்னுடைய சிநேகிதன், உடனே கூப்பிடு என்று சத்தம் போட்டார். முன்பின் தெரியாத பெடியன்!

அவன் பெயர் பார்த்தொலொமேயோ கரெல்லி, 16 வயது, அஸ்தி என்ற இடத்து மேசன் வேலைக்காரன், தாய் தகப்பன் இல்லை. பூசை முடிந்த பிறகு பொஸ்கோ அவனோடு இருந்து கதைத்தார். வாசிக்கத் தெரியாது, எழுதத் தெரியாது, பாடத் தெரியாது. சீக்காய் அடிக்கவாவது தெரியுமா என்று கேட்டாராம். பெடியன் சிரித்துவிட்டான். அந்தச் சிரிப்போடுதான் எல்லாம் தொடங்கியது என்று சலேசிய சபையார் இன்றைக்கும் சொல்லுவார்கள். அடுத்த ஞாயிறு அவன் தன் கூட்டாளிகளைக் கூட்டி வந்தான். இதைப் பொஸ்கோவே முப்பது வருடத்துக்குப் பிறகு தன் நினைவுக் குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார்.

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்கு ஓரத்தோரியோ என்று பெயர். பெயர் பெரிதாக இருந்தாலும் விசயம் லேசு. காலையில் பாவசங்கீர்த்தனம், பூசை, பிறகு பாண் துண்டு, பிறகு விளையாட்டு, ஞானோபதேசம், பாட்டு, திரும்பவும் விளையாட்டு, இருட்டினதும் வீட்டுக்கு. சுவாமியாரும் அங்கியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு பெடியளோடு ஓடுவார். இது மட்டும் என்றால் நான் இவரைப் பற்றி எழுதியிருக்க மாட்டேன். கிழமை நாட்களில் அவர் பெடியள் வேலை செய்கிற கட்டடங்களுக்கும் பட்டறைகளுக்கும் தானே போவார். பெடியன் எப்படி இருக்கிறான், முதலாளி எப்படி நடத்துகிறான், சாப்பிட்டானா என்று பார்ப்பார். வேலை இல்லாதவனுக்கு நல்ல முதலாளியாகத் தேடிக் கொடுப்பார். கோயில் வாசலில் நின்று ஆட்களை எதிர்பார்க்கிற சுவாமிமார் நிறைந்த நகரத்தில் இது புதினமான விசயம்.

பெடியள் தொகை நூறு, இருநூறு, முந்நூறு என்று ஏறியது. இடம்தான் இல்லை. சத்தம், குப்பை, கண்ணாடி உடைப்பு என்று ஒவ்வொரு இடத்தில் இருந்தும் கலைத்தார்கள். ஒரு மயானக் கோயில், மாவாலைப் பக்கத்துக் கோயில், மொரெத்தா என்பவரின் வீடு, கடைசியில் வெறும் புல் வெளி. எங்கள் தமிழ்ப் பள்ளிக்கூடம் மண்டபம் மண்டபமாக அலைந்த கதையை அறிந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. அவருக்குச் சம்பளம் கொடுத்த பரோலோ சீமாட்டி நல்ல மனுசிதான். மறியலில் இருந்து வந்த பெண்களுக்கு இல்லம் நடத்தியவர். ஆனால் பெடியளை விடு, அல்லது வேலையை விடு என்றார். பொஸ்கோ வேலையை விட்டார்.

நகர அதிகாரியாக இருந்தவர் மிக்கேலே கவூர் பிரபு. இத்தாலியை ஒன்றாக்கிய கவூரின் தகப்பன். இத்தனை நூறு தொழிலாளிப் பெடியளை ஒரு பாதிரி ஏன் சேர்க்கிறான், நாளைக்குக் கலகம் செய்யவோ என்று அவருக்குச் சந்தேகம். ஞாயிறுகளில் பொலிசாரைக் காவல் பார்க்க அனுப்பினார். கூட இருந்த குருமாருக்கோ வேறு சந்தேகம், இவருக்கு மூளை பிசகிவிட்டது என்று. பெரிய வீடு, முற்றம், கோயில், பட்டறை எல்லாம் வரப்போகிறது என்று கையில் ஒரு சதம் இல்லாத நேரத்தில் அவர் சொல்லிக்கொண்டு திரிந்தார்தானே! இரண்டு சுவாமிமார் மூடு குதிரை வண்டியோடு வந்து, காற்று வாங்கப் போவோம் வா என்று கூப்பிட்டார்கள். போகும் இடம் பைத்தியக்கார ஆஸ்பத்திரி என்று பொஸ்கோவுக்கு விளங்கிவிட்டது. பெரியவர்கள் முதலில் ஏறுங்கள் என்று மரியாதையாக அவர்களை ஏற்றிவிட்டு, வெளியே நின்றபடி கதவை அடித்துச் சாத்தி, வண்டிக்காரனை ஆஸ்பத்திரிக்கு ஓட்டச் சொல்லிவிட்டார். போன இரண்டு பேரும் வெளியே வரப் பட்ட பாட்டை எங்கள் இத்தாலிக்காரர் சொல்லிச் சிரித்து முடிக்க அரை மணித்தியாலம் செல்லும்.

1846 ஆம் ஆண்டு சித்திரை 12 ஆம் திகதி, உயிர்த்த ஞாயிறு. அன்றுதான் வால்டொக்கோ என்ற இடத்தில் பினார்தி என்பவரின் பழைய கொட்டில் ஒன்று வாடகைக்குக் கிடைத்துக் குடிபுகுந்தார்கள். கூரை அவ்வளவு பதிவு. நிலத்தைத் தோண்டித்தான் ஆள் நிமிர இடம் எடுத்தார்கள். அடுத்த வருடம் பேராயர் வந்தபோது அவருடைய உயரமான தொப்பி கூரையில் இடித்ததாம். அந்த ஆடி மாதம் பொஸ்கோ சுவாசக் காய்ச்சலில் விழுந்து சாகக் கிடந்தார். வேலைத் தூசோடு பெடியள் ஓடி வந்து வாசலில் நின்று அழுதார்கள், உபவாசம் இருந்தார்கள். தப்பிவிட்டார். அதன் பிறகு தாயைப் போய்க் கேட்டார், என்னோடு வந்து இருக்கிறாயா என்று. 58 வயதில், கார்த்திகை மாதம், மார்கரீத்தா தோட்டத்தையும் பேரப்பிள்ளைகளையும் விட்டுவிட்டு, ஒரு கூடையைத் தூக்கிக்கொண்டு மகனோடு ரூரினுக்கு நடந்தே வந்தார். தன் கலியாணச் சீலையையும் நகையையும் விற்றார். பத்து வருடம் அந்தப் பெடியளுக்குச் சமைத்து, தைத்து, தோய்த்துப் போட்டு, 1856 இல் அங்கேயே கண்ணை மூடினார். எல்லோரும் அவரை மார்கரீத்தா அம்மா என்றுதான் கூப்பிட்டார்கள்.

முதலில் படுக்க இடம் கொடுத்த கதையையும் சொல்லவேண்டும். ஒரு இரவு போக்கிடமில்லாத பெடியள் கொஞ்சப் பேரை வைக்கோல் மேல் படுக்க விட்டு, போர்வையும் கொடுத்தார். விடிய எழும்பிப் போய்ப் பார்த்தால் பெடியளும் இல்லை, போர்வைகளும் இல்லை! வேறு யாரும் என்றால் அன்றோடு கதவைப் பூட்டியிருப்பார்கள். 1847 வைகாசி மாதம், மழையில் நனைந்துகொண்டு வல்சேசியா மலைப் பக்கத்துப் பெடியன் ஒருவன் வந்து கதவைத் தட்டினான். மேசன் வேலை தேடி வந்தவன், கையில் காசு முடிந்துவிட்டது. தாய்க்காரி அவனுக்குச் சூப் கொடுத்து, குசினியில் செங்கல்லும் பலகையும் வைத்துப் படுக்கை செய்து கொடுத்தார். இவனும் போர்வையோடு போய்விடுவானோ என்ற பயம் அவருக்கு இருந்ததாம். முதல் தடவை களவு போனது என்பதற்காக இரண்டாவது ஆளுக்குக் கதவைத் திறக்காமல் விடவில்லை. அந்த ஆண்டு கதவைத் திறந்தபடியால்தான் பிறகு நூற்றுக்கணக்கானவர்கள் தங்கின வீடு உண்டானது.

இராப் பள்ளிக்கூடமும் நடந்தது. 1850 ஆம் ஆண்டில் இருந்து அந்த நாட்டில் பழைய அளவைகளை விட்டு மீற்றர், கிலோ முறை கட்டாயமாக வரப் போகிறது என்றதும், பொஸ்கோ 1849 இல் தசம அளவு முறையை விளக்கி லேசான ஒரு சின்னப் புத்தகம் எழுதினார். நாடகமும் போட்டார். கணக்குத் தெரியாதவனைத்தானே சம்பளத்தில் ஏய்க்கலாம். 1850 ஆனி மாதம் பெடியளுக்குள்ளே ஒரு உதவிச் சங்கம். ஞாயிறுதோறும் ஒருவர் ஒரு சதக் குற்றி கட்டவேண்டும். சேர்ந்து ஆறு மாதம் போனபின், வருத்தம் வந்து படுத்தால் சுகம் வரும்வரை நாளுக்கு 50 சென்ரேசிமி கிடைக்கும். எங்கடை சீட்டைப் போல ஒன்று, தாச்சி மட்டும் ஓடமாட்டார்!

இனி நான் மிகவும் விரும்பும் விசயத்துக்கு வருகிறேன். 1851 கார்த்திகையில் ஒரு கண்ணாடித் தொழில் முதலாளியோடும், 1852 மாசி 8 ஆம் திகதி பெர்த்தொலீனோ என்ற தச்சு முதலாளியோடும் பொஸ்கோ எழுதிய தொழில் பழகுநர் ஒப்பந்தங்கள் இன்றும் இருக்கின்றன. இரண்டாவது முத்திரைத் தாளில் எழுதியது. முதலாளி, பெடியன், பொஸ்கோ எல்லோரும் கையெழுத்து வைத்தார்கள். பெடியனுக்குத் தொழிலைத்தான் பழக்கவேண்டும், வீட்டு எடுபிடி வேலை வாங்கக்கூடாது. பிழை விட்டால் வாயால் திருத்தவேண்டும், கை நீட்டக்கூடாது. திருநாட்களில் வேலை இல்லை. வருடத்துக்கு 15 நாள் விடுமுறை. சம்பளம் காலம் போகப் போகக் கூடவேண்டும். பெடியனும் சொல் கேட்டு ஒழுங்காக நடக்கவேண்டும், உடைத்தால் பொறுப்பு. 1852 இல் ஐயா! தொழிலாளருக்கு ஒரு பாதுகாப்பும் இல்லாத காலம் அது.

நான் வந்த புதிதில் ஒரு உணவகத்தில் ஏழு மாதம் வேலை செய்தேன். மொழியும் தெரியாது. ஒரு துண்டுக் கடதாசி இல்லை. கடைசி இரண்டு மாதச் சம்பளமும் வரவில்லை. எங்கே போய்க் கேட்கிறது? போன வருடம் என் மருமகன் இங்கே தொழில் பயிற்சிக்குக் கையெழுத்து வைத்தபோது அந்த ஒப்பந்தத்தை நான் வரி விடாமல் வாசித்தேன். பயிற்சி வேலைக்கு மட்டும், விடுமுறை இத்தனை நாள், சம்பளம் வருடத்துக்கு வருடம் இவ்வளவு... அந்தப் பழைய தாளில் இருந்தவைதான் பெரும்பாலும். முதலாளிக்கு முன்னால் பெடியனோடு பக்கத்தில் ஒரு ஆள் இருந்து கையெழுத்து வைத்தான் என்பது எவ்வளவு பெரிய விசயம் என்பது, அப்படி ஒரு ஆள் இல்லாமல் வேலை செய்தவனுக்குத்தான் விளங்கும்.

1848 இல் நாட்டில் அரசியல் குழப்பம். உதவிக்கு வந்த குருமாரும் பெரியவர்களும் கட்சி கட்சியாகப் பிரிந்தார்கள். சிலர் மூத்த பெடியளையும் இழுத்துக்கொண்டு போனார்கள். ஒரு கட்டத்தில் பொஸ்கோ கிட்டத்தட்டத் தனித்துவிட்டார். வெளியாட்களை நம்பினால் இதுதான் கதி, பெடியளுக்குள் இருந்தே ஆட்களை எடுக்கவேண்டும் என்ற எண்ணம் அவருக்கு அங்கேதான் உறுதிப்பட்டிருக்க வேண்டும். அப்படி வந்தவன் மிக்கேலே ரூவா. ஆயுதத் தொழிற்சாலையில் வேலை செய்த தகப்பனைச் சின்ன வயதிலேயே இழந்தவன். ஒருநாள் பொஸ்கோ எல்லோருக்கும் பதக்கம் கொடுத்து முடிந்த பிறகு ரூவா வந்து கை நீட்டினான். கொடுக்க ஒன்றும் இல்லை. பொஸ்கோ தன் இடது கையை நீட்டி, வலது கையால் அதைப் பாதியாக வெட்டுவது போலச் செய்து, எடு எடு என்றார். பெடியனுக்கு ஒன்றும் புரியவில்லை. நாங்கள் இரண்டு பேரும் எல்லாவற்றையும் பாதி பாதியாகச் செய்வோம் என்று அதற்கு அர்த்தம் என்று பிறகுதான் சொன்னார்.

1854 ஆடி மாதம் ரூரினில் கொலரா பரவியது. வால்டொக்கோவைச் சுற்றி ஏழைக் குடிசைகள், அங்கேதான் கூடுதலாகச் சனம் செத்தது. தொற்றும் என்ற பயத்தில் காசு கொடுத்தாலும் நோயாளியைத் தூக்க ஆள் இல்லை. பொஸ்கோ பெடியளைக் கூப்பிட்டு, யார் வருகிறீர்கள் என்று கேட்டார். முதலில் 14 பேர். பிறகு இன்னும் 30 பேர். ரூவாவுக்கு 17 வயது, காலியேரோ என்ற பெடியனுக்கு 16. கையில் வினாகிரிப் போத்தல், தொட்ட பிறகு கையைக் கழுவ. வீடு வீடாகப் போய் நோயாளிகளைத் தூக்கினார்கள், துடைத்தார்கள், படுக்கை மாற்றினார்கள். துணி இல்லை என்று ஓடி வந்தால் மார்கரீத்தா அம்மா இருந்த விரிப்பு எல்லாம் கொடுத்து, கடைசியில் பலிபீடத் துணியையும் எடுத்துக் கொடுத்தார். அந்த 44 பேரில் ஒருவர்கூடக் கொலராவில் சாகவில்லை.

சாகவில்லை என்பதால் இன்று நாங்கள் இதை அதிசயமாகச் சொல்கிறோம். இரண்டு பேர் செத்திருந்தால்? எனக்கும் ஒரு மகன் இருக்கிறான். பதினாறு வயதில் அவனை இப்படி அனுப்புவேனா என்று கேட்டால், மாட்டேன். பொஸ்கோ செய்தது சரி என்று என்னால் துணிந்து சொல்ல முடியவில்லை. ஒன்று மட்டும் கவனிக்கவேண்டும். ஏழெட்டு வருடம் முன்னர் பொலிஸ் காவல் போட்டுப் பார்த்த அதே தெருப் பெடியளின் கூட்டம்தான், நகரம் பயந்து கதவைப் பூட்டிய நேரம் கதவைத் தட்டிக்கொண்டு போனது.

1859 மார்கழி மாதம் பொஸ்கோ அவர்களிடம் ஒரு துறவற சபையாகச் சேர்வோமா என்று கேட்டு, யோசிக்க ஒரு கிழமை கொடுத்தார். காலியேரோ முற்றத்தில் மேலும் கீழும் நடந்தான். துறவி என்றால் அவனுக்குப் பிடிக்காது, பொஸ்கோவை விட்டுப் போகவும் மனம் இல்லை. கடைசியில், துறவியோ இல்லையோ, இவரோடுதான் என்று முடிவெடுத்தான். மார்கழி 18 ஆம் திகதி இரவு பொஸ்கோவின் அறையில் 18 பேர் கூடினார்கள். அவரையும் இன்னொரு மூத்த குருவானவரையும் தவிர்த்தால் மற்றவர்கள் இருபது வயதை ஒட்டிய இளைஞர்கள். அதுதான் சலேசிய சபையின் தொடக்கம். பெண் பிள்ளைகளுக்காக 1872 இல் மரிய மசரெல்லோ என்ற கிராமத்துப் பெண்ணோடு சேர்ந்து இன்னொரு சபையும் தொடங்கினார். இதற்கிடையில் வீட்டுக்குள்ளேயே சப்பாத்து, தையல், புத்தகம் கட்டுதல், தச்சு, அச்சு, இரும்பு வேலை என்று பட்டறைகள் ஒவ்வொன்றாக வந்தன.

பொஸ்கோவைக் குறை சொல்லுகிறவர்களும் உண்டு. எட்டு வயதுப் பிள்ளை ஏன் கல் சுமக்கிறான் என்று அவர் அரசாங்கத்தை எதிர்த்துக் கேட்கவில்லை, அரசியலில் வாய் திறக்காமல் பிரபுக்களிடம் பண உதவி வாங்கினார் என்பார்கள். உண்மைதான். துறவற மடங்களை மூடச் சட்டம் போட்ட மந்திரி ரத்தாஸ்ஸியிடமே போய் ஆலோசனை கேட்ட மனிதர் அவர். கொள்கைக்காரருக்கு இது பிடிக்காது. எனக்கும் முழுதாகப் பிடிக்கிறது என்று சொல்லமாட்டேன். அன்றிரவு மழையில் நனைந்து வந்தவனுக்குக் கொள்கை விளக்கம் தேவைப்படவில்லை என்பதையும் நினைத்துப் பார்க்கிறேன்.

1875 ஆம் ஆண்டு கார்த்திகை 14 ஆம் திகதி, ஜெனோவாத் துறைமுகத்தில் இருந்து பத்துப் பேர் கப்பல் ஏறினார்கள். தலைவர் காலியேரோ, 37 வயது. நான்கு பேர் குருமார் அல்லாத தொழிலாளச் சகோதரர், தச்சுக்காரர் உட்பட. போவது ஆர்ஜென்ரீனாவுக்கு, பத்தகோனியாப் பழங்குடிகளிடம் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். மார்கழியில் புவனஸ் அயர்சில் இறங்கினால், அங்கே கண்டது யாரை? தங்கள் ஊர்ச் சனத்தை! இத்தாலியில் இருந்து பிழைக்கப் போன ஆயிரக்கணக்கானவர்கள், பாதிரியைக் கண்ணில் காணாதவர்கள், கண்டாலும் விரும்பாதவர்கள். லா பொக்கா என்ற துறைமுகப் பகுதி முழுக்க ஜெனோவாக்காரர். சுவாமிமார் போகப் பயந்த இடம். காலியேரோ நடந்து போய்த் தெருவில் விளையாடின பிள்ளைகளுக்குப் பதக்கம் கொடுத்து, பெற்றோரைக் கதைக்க வைத்தார். போர்த்தா பலாஸ்ஸோவில் தன்னை வளர்த்தவர் செய்ததைத்தான் அவர் அங்கே செய்தார். பத்தகோனியா பிறகு, 1879 இல்தான். அந்தப் பத்துப் பேரில் ஒருவரான பக்சீனோ என்ற இளம் குருவானவர் புவனஸ் அயர்ஸ் இத்தாலிக்காரருக்குள் ஓய்வில்லாமல் வேலை செய்து 1877 இல் இறந்துபோனார். கப்பல் ஏறும்போது பொஸ்கோ அவர்கள் கையில் எழுதிக் கொடுத்த இருபது புத்திமதிகளில், நோயாளி, பிள்ளைகள், வயோதிபர், ஏழைகள் ஆகியோரை விசேடமாகப் பார்க்கவேண்டும் என்பதும் ஒன்று. அவர்கள் வழியில் வந்தவர்கள் 1906 இல் தஞ்சாவூருக்கும், 1956 இல் எங்கள் நாட்டில் நீர்கொழும்புக்கும் வந்து சேர்ந்தார்கள்.

1887 மார்கழியில் காலியேரோ, இப்போது ஆயர், ஆர்ஜென்ரீனாவில் இருந்து வந்து சேர்ந்தபோது பொஸ்கோ படுக்கையை அண்டிவிட்டார். கால்கள் வீங்கி, முதுகு வளைந்து, 72 வயதிலேயே உடம்பு முழுக்கத் தேய்ந்துபோயிருந்தது. 1888 தை 31 ஆம் திகதி விடியப்புறம், கட்டிலைச் சுற்றி அவருடைய ஆட்கள் முழங்காலில் நின்றார்கள். கை அசையவில்லை, பேச்சும் இல்லை. ஆசீர்வாதம் கேட்டார்கள். ஒருகாலத்தில் பதக்கம் கிடைக்காமல் வெறுங்கையோடு நின்ற ரூவா, இப்போது 50 வயது, அந்த வலது கையைப் பிடித்துத் தூக்கி, அங்கே இருந்தவர்களுக்கும் தூரத்தில் இருந்தவர்களுக்குமாகச் சிலுவை அடையாளம் வரைந்தார். பாதியை அவர் செய்தார். அதிகாலை நாலே முக்கால் மணிக்கு டொன் பொஸ்கோவின் உயிர் பிரிந்தது. அடுத்த 22 வருடம் சபையை நடத்தியவர் ரூவாதான்.